திருச்சி விமானத்தில் உடை மாற்றுவது

1

ஊரிலிருந்து யாராவது சிங்கப்பூருக்குக் கிளம்பினால் என்னிடம் முதலில் கேட்பது விசாவைப் பற்றி அல்ல. "அங்க என்ன துணி போடறது?" என்றுதான் கேட்பார்கள். பெண்கள் நேராகக் கேட்பார்கள். ஆண்கள் மனைவியை விட்டுக் கேட்கச் சொல்வார்கள்.

கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொல்லும் பதில் இதுதான். பட்டுப்புடவை பீரோவிலேயே இருக்கட்டும். பருத்தியில் குர்தாவும் தளர்ந்த கால்சட்டையும் போதும். தெருவில் வேர்த்து ஊற்றும், ரயிலுக்குள் ஏறினால் நடுங்கும், அதனால் தோளில் ஒரு துப்பட்டா வேண்டும். கல்யாணத்துக்கு வாங்கிய செருப்பைப் போட்டுக்கொண்டு வராதீர்கள், இந்த ஊரில் நடை அதிகம். முடியைத் தொங்கவிடாதீர்கள். இங்கே காற்றே ஈரம். காலையில் நீவிச் சீவிய தலை பஸ் நிறுத்தம் போய்ச் சேர்வதற்குள் கழுத்தில் ஒட்டிக்கொள்ளும். பல் வைத்த பெரிய கிளிப் ஒன்று, நம்மூரில் கிளட்ச் என்கிறோமே, அது போதும். முடியைப் பிடரியில் ஒன்றாகச் சேர்த்து, மேல்நோக்கி முறுக்கி, நுனியை உள்ளே மடித்துக் கவ்வவிட்டால் கொண்டை ஆயிற்று. கண்ணாடிகூட வேண்டாம். நான் லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் போட்டுவிடுவேன்.

திரும்பிப் போகும்போது என்ன உடுத்துவது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. அதைத் திருச்சி விமானத்தில் உட்கார்ந்து பார்த்தால் தானே தெரிந்துவிடும். இறங்கும் நேரம் நெருங்க நெருங்கக் கழிப்பறை வாசலில் பெண்களின் வரிசை நீளும். ஜீன்ஸில் உள்ளே போனவர் சுடிதாரில் வெளியே வருவார். உள்ளே போகும்போது வெறுமையாக இருந்த நெற்றியில் பொட்டு வந்திருக்கும். சட்டைக்குள் கிடந்த தாலிச்சங்கிலி வெளியே வந்திருக்கும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்கைக்குத் திரும்புவோம். குடியேறிய நாளிலிருந்து அந்த வரிசையில் நானும் நிற்கிறேன்.

2

இன்று காலை என் கைப்பேசி, சென்ற வருடம் இதே நாள் என்று ஒரு படத்தைத் தூக்கிக் காட்டியது. மரினா பே தண்ணீருக்கு முன்னால் என் தங்கை ரேவதி நிற்கிறாள். மாம்பழ மஞ்சள் குர்தா, கிளிப் கொண்டை, மெரூன் நிற ஒட்டுப்பொட்டு. காற்றில் ஒரு கற்றை முடி வாய்க்குள் போக, அதை எடுக்கப் பார்த்துக்கொண்டே பல் தெரியச் சிரிக்கிறாள். அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது என்று தெரிந்தும் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ரேவதி மன்னார்குடியில் இருக்கிறாள். அவள் கணவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தபோது, ஒரு மாறுதலுக்காக அவளை இங்கே வரவழைத்தேன். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டில் அவளும் அவள் மாமியாரும்தான். மாமியாரும் கணவரை இழந்தவர். அவரைக் கொடுமைக்காரர் என்று என்னால் சொல்ல முடியாது. பூ வைக்காதே, பளிச்சென்று உடுத்தாதே என்று அவர் வாய் திறந்து சொன்னதில்லையாம். எங்கள் ஊர்ப்பக்கம் அதையெல்லாம் யாரும் சொல்லவேண்டியதும் இல்லை. ரேவதி தானாகவே சாம்பலும் வெளிர்நீலமுமாகப் புடவைகளை மாற்றிக்கொண்டாள். எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய ஒற்றைச் சடை, வெறும் நெற்றி.

சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும், முகத்தைப் பாஸ்போர்ட் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் தானியங்கிக் குடிநுழைவுக் கதவு அவளை விடவில்லை. கணவர் இருந்தபோது எடுத்த பாஸ்போர்ட் அது. படத்தில் பெரிய பொட்டும் கழுத்து நிறைய நகையுமாக இருக்கிறாள். கதவு சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டதாம். கவுண்டருக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள்.

"அந்த ஆபீசர் படத்தையும் என்னையும் மாத்தி மாத்திப் பார்த்தாருக்கா. பாவம், அவர் என்ன பண்ணுவாரு, எனக்கே அடையாளம் தெரியலை" என்று டாக்ஸியில் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கடி" என்றேன். எதற்கென்று அவளும் கேட்கவில்லை, எனக்கும் தெரியவில்லை.

3

முதல் சில நாள் கிளமெண்டியில் இருக்கும் எங்கள் வீட்டை விட்டு அவள் வெளியே வரவில்லை. சமைத்தாள், துணி மடித்தாள், பதினான்காவது மாடி ஜன்னலில் நின்று ரயில் போவதைப் பார்த்தாள். அவளை அசைத்தது நான் அல்ல, என் மகள் அனன்யா. பதினைந்து வயது. என்னிடம் பேசுவதென்றால் வைஃபை போனால்தான் அறையை விட்டு வருவாள். அவள் தலையை நான் கடைசியாகப் பின்னிவிட்டது எந்த வகுப்பில் என்று எனக்கே நினைவில்லை. அந்தப் பெண் ஒரு சனிக்கிழமை காலை சித்தியைக் கண்ணாடி முன் உட்காரவைத்துச் சடையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, யுவர் ஹேர் இஸ் சோ திக் லா! ஏன் இவ்ளோ டைட்டா கட்றீங்க? தலை வலிக்காது?"

"பழகிடுச்சுடி."

"நோ நோ, இங்க பாருங்க. ட்விஸ்ட், ட்விஸ்ட், மேல தூக்கி, டக் இன். கிளிப். டன்!"

ரேவதி தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு தானே கிளிப்பை எடுத்துவிட்டு, முதலிலிருந்து போட்டுப் பார்த்தாள். சரிந்தது. மறுபடி போட்டாள். கதவோரம் காப்பியோடு நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஊர்ப் பிள்ளைகள் பேச்சில் ஒட்டவைக்கும் 'லா'வோடாவது என் மகள் இவ்வளவு தமிழ் பேசி நான் கேட்டு வெகுநாள் ஆயிற்று.

அன்று மாலை, இந்தியக் கடைகள் நிறைந்த தேக்காவுக்குப் போனோம். கூடத்தான் போனேன், கடையைத் தேர்ந்தெடுத்தது அவள். சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் ஒரு துணிக்கடை. வாசலில் தொங்கிய மாம்பழ மஞ்சள் குர்தாவை விரலால் தொட்டாள், தாண்டிப் போனாள், திரும்பி வந்தாள். "எனக்கு இது நல்லா இருக்குமாக்கா?" என்று கேட்டாள். நன்றாக இருக்கும் என்றேன். பக்கத்துக் கடையில் ஒட்டுப்பொட்டு அட்டைகளைப் புரட்டி, கறுப்பை வைத்துவிட்டு மெரூனை எடுத்தாள். பூக்கடையில் நான் மல்லிகைக்குக் கை நீட்டியபோது, "பூ வேணாம்க்கா" என்று நிறுத்திவிட்டாள். எதுவரை போகலாம் என்று அவளுக்கே ஒரு கணக்கு இருந்தது. நான் கையை இழுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிறு. அந்தக் குர்தாவும் என் தளர்ந்த கால்சட்டையும் போட்டு, கொண்டையைத் தானே போட்டுக்கொண்டு, மெரூன் பொட்டு வைத்துக்கொண்டு புறப்பட்டாள். மரினா பேயில் நடந்தோம், ஐஸ்கிரீம் தின்றோம், ஆர்ச்சர்ட் சாலைக் கடைகளில் ஒன்றும் வாங்காமல் ஏறி இறங்கினோம். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதை அவள்தான் கவனித்துச் சொன்னாள். "ஒருத்தர்கூட என்னைப் பார்க்கலை பாரேன்" என்றாள், ஏதோ பரிசு கிடைத்த குரலில்.

அப்போது எடுத்ததுதான் அந்தப் படம். திரும்பும் ரயிலிலேயே அதை என் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டேன். என் தங்கச்சி என்று எழுதி ஒரு சிவப்பு இதயம். அவளிடம் கேட்கவில்லை. இவளை மறுபடி சிரிக்க வைத்தது நான்தான் என்று நாலு பேர் பார்க்கட்டும் என்ற எண்ணம் எனக்குள் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். என் கைப்பேசியில் யார் யார் எண்கள் இருக்கின்றன என்பது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கே வரவில்லை.

4

மறுநாள் காலை ஜூரோங்கில் அலுவலகத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தபோது அழைப்பு வந்தது. ரேவதியின் மாமியார். என்னிடம் அவர் நேரடியாகப் பேசுவது பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான்.

"ஏம்மா, ஸ்டேட்டஸ்ல நம்ம ரேவதி படம் பார்த்தேன்..."

அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் நான் அவரைப் பேச விடவில்லை.

"அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க அத்தை! எல்லாம் நான் பண்ணினதுதான். அவ வேணாம் வேணாம்னுதான் சொன்னா. நான்தான் வற்புறுத்திப் போட வச்சேன், பொட்டும் நானேதான் வச்சுவிட்டேன். அவ மேல கோவப்படாதீங்க. இதோ, இப்பவே எடுத்துடறேன்."

"அப்படியாம்மா" என்றார். "சரி, வேலையைப் பாரு."

படத்தை உடனே நீக்கினேன். உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. பழி முழுக்க என் மேல் வந்துவிட்டது, அவள் மன்னார்குடி வீட்டுக்குத் தலைநிமிர்ந்து போகலாம். நான் எட்டாத தூரத்தில் இருக்கிறேன், என்னை யார் என்ன செய்துவிட முடியும். தங்கைக்கு நல்லது செய்துவிட்டதாகத்தான் அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் அவளிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். படத்தைப் போட்டதற்குத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், அதற்கும் ஒரு மன்னிப்பைத் தயாராக வைத்திருந்தேன்.

"பொட்டு நீ வச்சுவிட்டியா?" என்று கேட்டாள்.

"உன்னைக் காப்பாத்தத்தானேடி அப்படிச் சொன்னேன்."

"கடையில கறுப்பை வச்சுட்டு மெரூனை எடுத்தது யாரு? அந்த மஞ்சளைத் தாண்டிப் போயிட்டு நானாத்தானே திரும்பி வந்தேன்? ஒன்றரை வருஷத்துல நானா ஆசைப்பட்டுப் பண்ணினது அது ஒண்ணுதான்க்கா. அதையும் உன் தப்புன்னு எடுத்துக்கிட்டியே!"

நான் ஒரு கீரைத் தண்டை எடுத்து ஆயத் தொடங்கினேன்.

"அவங்க திட்டினா நான் பதில் சொல்லிக்க மாட்டேனா? நான்தானே அவங்ககூட இருக்கப்போறேன். சரி, அத்தை என்னதான் சொல்ல வந்தாங்க?"

"தெரியலைடி."

"கேக்கலையா?"

"இல்லை."

கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அறைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்த அனன்யா எட்டிப்பார்த்தாள்.

"அம்மா, யூ ஆல்வேஸ் சே சாரி ஃபர்ஸ்ட். பிஃபோர் பீப்பிள் ஈவன் டாக். கிளினிக்ல, ஸ்கூல்ல, பாட்டிகிட்ட போன்ல, எல்லார்கிட்டயும் லா."

5

பதினைந்து வயதுப் பெண் சொல்வதைக் கேட்டுக் கோபம் வருகிறதென்றால் அதில் உண்மை இருக்கிறது என்று அர்த்தம். இங்கே குடியேறிய எங்களுக்கு மன்னிப்புக் கேட்பது கை கழுவுவது போலப் பழகிவிட்டது. கல்யாணத்துக்கு வர முடியவில்லை, மன்னிச்சுக்கங்க. காதுகுத்துக்கு லீவு கிடைக்கவில்லை, மன்னிச்சுக்கங்க. ரேவதியின் கணவர் இறந்தபோது என் பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கொடுத்த இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. கவுண்டரில் அழுது, கடிதம் எழுதிக் கொடுத்து, அதை வாங்கிக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசற்படியிலேயே மன்னிப்புக் கேட்க ஆரம்பித்து, திரும்பிக் கிளம்பும்வரை கேட்டுக்கொண்டே இருந்தேன். அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேனா? கேட்ட ஞாபகம் இல்லை.

மன்னிப்புக் கேட்டுவிட்டால் எதிராளி பேச முடியாது. அவர் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அதுதான் அதில் உள்ள வசதி. இத்தனை வருடமாக அதைப் பணிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் இருந்த மிச்ச நாட்களில் சாம்பல் புடவையும் ஒற்றைச் சடையும் திரும்பி வந்தன. கோபமாக இருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். அவள் மரியாதையாக இருந்தாள். கூப்பிட்ட இடத்துக்கு வந்தாள், ஜாலான் புசார் கோப்பிக் கடையில் நான் வாங்கிக்கொடுத்ததைச் சாப்பிட்டாள், நல்லா இருக்குக்கா என்றாள். படம் எடுக்கட்டுமா என்று கேட்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மஞ்சள் குர்தாவைத் துவைத்து மடித்துக் கைப்பெட்டியின் அடியில் வைத்ததைப் பார்த்தேன். அவள் மாமியாரைக் கூப்பிட்டு அன்றைக்கு என்ன சொல்ல வந்தீர்கள் என்று கேட்க இரண்டு மூன்று முறை எண்ணை எடுத்தேன். மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டேன்.

புறப்படும் நாள் சாங்கியில் என் கிளிப்பைத் தலையிலிருந்து எடுத்து அவளிடம் கொடுத்தேன். வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். மன்னிச்சுக்க என்ற வார்த்தை வாய்வரை வந்தது. எப்படியோ விழுங்கினேன். சாம்பல் புடவையில் அவள் உள்ளே போய் மறைந்தாள்.

6

அன்று சாயங்காலம் அவளுடைய ஸ்டேட்டஸில் ஒரு படம் வந்தது. அவள் ஸ்டேட்டஸ் போட்டு நான் பார்த்ததே இல்லை.

திருச்சி விமான நிலைய வாசல். அழைத்துப்போக வந்த வாடகைக் காரின் டிரைவர் எடுத்திருக்கவேண்டும், பாதிப் படத்தில் கார்க் கதவு. நடுவில் வெள்ளைப் புடவையில் மாமியார். அவர் பக்கத்தில் ரேவதி. மாம்பழ மஞ்சள் குர்தா, மெரூன் பொட்டு, என் கிளிப்பில் ஒரு பக்கம் சாய்ந்த கொண்டை.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. விமானத்தில் எல்லாப் பெண்களும் வரிசையில் நின்று இந்த ஊர் உடையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, என் தங்கையும் அதே வரிசையில் நின்றிருக்கிறாள். உள்ளே போய் எதிர்த்திசையில் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறாள்.

இதைப் பார்த்ததும் நான் பெருமைப்பட்டேன் என்று எழுத ஆசைதான். நான் செய்தது வேறு. விரல் தானாகப் போய் அவளுக்குச் செய்தி தட்டியது. "ரேவதி, அதை எடுத்துடுடி. தெருவுல யாராவது பார்த்துடப் போறாங்க." அனுப்பியும்விட்டேன். அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அழிப்பதற்குள் நீலக் குறி விழுந்துவிட்டது.

பதிலாக ஒரு குரல் பதிவு வந்தது. ரேவதியின் எண்தான், குரல் அவள் மாமியாருடையது. பின்னணியில் கார் ஓடும் சத்தம்.

"ஏம்மா பெரியவளே, நான்தான் பேசறேன். நீ அனுப்பினதை ரேவதி படிச்சுக் காட்டினா. அன்னைக்கு உன்னைக் கோவிச்சுக்கலாம்னுதான் கூப்பிட்டேன், பொய் சொல்லுவானேன். எம் புள்ளை போயி ரெண்டு வருஷம்கூட ஆகலை, அந்த மஞ்சளைப் பார்த்ததும் நெஞ்சுல சுருக்குனு இருந்துச்சு. இன்னைக்கும் அவ இறங்கி வந்தப்ப சுருக்குனுதான் இருந்துச்சு. அது என் பாடு. ஆனா அந்தப் படத்தை நான் எத்தனை வாட்டி எடுத்து எடுத்துப் பார்த்தேன் தெரியுமா? இவ இப்படிச் சிரிச்சு நான் பார்த்து எவ்வளவு நாளாச்சு! அப்பத்தான் நீ எல்லாம் வற்புறுத்திப் பண்ணினேன்னு சொன்னே. அப்புறம் எனக்குச் சோறு இறங்கலைம்மா. அதான் கேக்கறேன், மறைக்காம சொல்லு. பொட்டு இருக்கட்டும், துணி இருக்கட்டும். படத்துல சிரிச்சாளே, அதுவும் நீ சொல்லித்தான் சிரிச்சாளா?"

பதிவு முடிந்துவிட்டது. சமையலறையில் நின்றபடி மறுபடி கேட்டேன். ஒரு கிழவியை அத்தனை நாளும் அந்தச் சந்தேகத்தோடு படுக்கவும் எழவும் விட்டிருக்கிறேன்.

பதில் சொல்ல மைக்கை அழுத்தினேன். "அத்தை, மன்னிச்சு..." என்று ஆரம்பித்தது வாய். அழித்தேன். மறுபடி அழுத்தினேன். மறுபடியும் அதே வார்த்தைதான் முன்னால் வந்து நின்றது. அதையும் அழித்தேன். தண்ணீர் குடித்துவிட்டு மூன்றாவது முறை அழுத்தியபோதுதான் சொல்லவேண்டியதை மட்டும் சொல்ல முடிந்தது.

"இல்லை அத்தை. அவளாத்தான் சிரிச்சா."